ஃபிரிட்ஜுக்குப் பின்னால்

பிரேசிலின் ரியோ நகரத்துக் குன்றுக் குடியிருப்புகளில் பிள்ளைகள் நடை பழகிய கையோடு இன்னொன்றையும் பழகிவிடும்: வேட்டுச் சத்தம் கேட்டால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஓட வேண்டும். வீட்டில் பெரிய இரும்புச் சாமான் அதுதானே.

ஜூலெய்டியும் அப்படி ஓடி வளர்ந்தவள்தான். குழந்தைகள் காப்பகத்தில் சமையல்காரியான பிறகு, போலீசுக்கும் கும்பலுக்கும் சண்டை மூண்டால் பிள்ளைகளை அடுக்களை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நெருக்கி உட்கார வைப்பாள். அதில் அவள் மகள் தைனாவும் உண்டு.

ஒருநாள் கீழ்த்தெருப் பெண்ணொருத்தி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்தபடியே குண்டடிபட்டுச் செத்துப்போனாள். விதி என்றார்கள். ஜூலெய்டிக்கு மனம் ஆறவில்லை. காப்பகத்தில் பழுதாகிக் கிடந்த பழைய ஃபிரிட்ஜ், கொஞ்சம் செங்கல், ஒரு பீன்ஸ் மூட்டை, ஈரமணல் மூட்டைகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, துப்பாக்கி சுடும் கழகத்தில் வேலை பார்த்த தம்பி வால்தெசியிடம் போனாள்.

"இந்த ஃபிரிட்ஜ் என்னக்கா தப்பு பண்ணுச்சு? மரண தண்டனையே குடுத்துட்ட."

"வாய மூடிட்டு சுடுடா. நம்ம குன்றுல என்ன வச்சிருக்காங்களோ, அதே மாதிரி துப்பாக்கியால."

உள்ளே பொந்துள்ள செங்கல் ரொட்டித் துண்டுபோல உதிர்ந்தது. பீன்ஸையும் குண்டு துளைத்துப் போனது. ஃபிரிட்ஜின் முன்பக்கம் விரல் நுழையும் ஓட்டை. பின்பக்கத்தில் அவள் கை முஷ்டியே நுழைந்தது. இரட்டை வரிசையாக அடுக்கிய ஈரமணல் மட்டும் குண்டை விழுங்கிக்கொண்டது.

"இந்த மாதிரி ஃபிரிட்ஜுக்குப் பின்னாலதான்டா எல்லாப் பிள்ளைங்களையும் உக்கார வச்சேன்," என்றாள். வால்தெசி துப்பாக்கியைக் கீழே வைத்தான்.

சாமான் அறையில் மணல் மூட்டை அடுக்கிப் பிள்ளைகளை அங்கே ஒளிய வைக்கலாம் என்றதும், காப்பகத் தலைவி மார்லூசியா தயங்கினாள். "பாறைய ஒட்டி இருக்கறது உன் சாமான் அறை ஒண்ணுதான். அரிசி பருப்பெல்லாம் எங்க வைப்ப?"

"என் வீட்ல வச்சுக்கறேன், மேடம். தினம் தூக்கிட்டு வரேன்."

"உங்க வீட்டு எலிக்குக் கொண்டாட்டந்தான்."

வீட்டுக்குக் கூரை போட ஊரே திரள்வதுபோல, ஞாயிற்றுக்கிழமை தாய்மார்கள் திரண்டு மணல் சுமந்தார்கள். சாமான் அறையின் முன்சுவர் நெடுக மூட்டைகள் ஏறின. ஜூலெய்டி எல்லோருக்கும் சமைத்துப் போட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு மதியம், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வேட்டுச் சத்தம் எழுந்தது. எல்லோரையும் மணல் அறைக்குள் தள்ளிப் படுக்கவைத்தாள். தைனாவைக் காணவில்லை.

தவழ்ந்து அடுக்களைக்குப் போனாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தது குழந்தை.

"நீதானம்மா இங்க வரச் சொன்ன."

பிள்ளையை வயிற்றோடு அணைத்துத் தரையோடு தரையாக இழுத்து வந்தாள். அன்று காப்பகத்தின் மேல் ஒரு குண்டும் படவில்லை.

ஓய்ந்ததும் ஃபிரிட்ஜின் மின்கம்பியைப் பிடுங்கினாள். வால்தெசியை வரவழைத்து, வெளியே தூக்கிப்போகச் சொன்னாள்.

"இந்தப் புழுக்கத்துல பால் நிக்காதே," என்றாள் மார்லூசியா.

"கெட்டுப் போகட்டும், மேடம்."

மறுநாள் முதல், சோறு போடும் முன் பிள்ளைகளை மேசையிலிருந்து மணல் அறைக்கு ஓடவிட்டாள். தைனாவை மட்டும் இன்னும் ஒருமுறை ஓடச் சொன்னாள்.