பரீனாவின் அப்லோட்

கிண்ணியாவில் ஒரே வீட்டிலிருந்து இன்டர்நெட் சரியில்லை என்று மூன்றாம் முறையும் முறைப்பாடு வந்தபோது, அதை மூடிவிடச் சொன்னார் எங்கள் போன் கம்பனி மனேஜர்.

“ஸ்பீட் டெஸ்ட் நல்லாத்தானே வருது. வீட்டுக்குப் பக்கத்திலயே டவர். இதுக்கு மேல என்ன செய்யிறது?”

“ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு மூடுறன் சேர்” என்றேன். டவர்களின் ரேடியோ செட்டிங்கைச் சரிபார்ப்பது என் வேலை.

கதவைத் திறந்த கதீஜா உம்மா, “மகள்ட கை உடைஞ்சு உடைஞ்சு போகுதாம் புள்ள” என்றார். எனக்கு விளங்கவில்லை.

உள்ளே அவருடைய மகள் பரீனா போனைச் சுவரில் சாய்த்துவைத்து, கட்டாரில் வேலை செய்யும் கணவர் நியாசோடு சைகை மொழியில் கதைத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பிறவியிலேயே காது கேளாது. நியாசின் படம் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் அவர் அடிக்கடி உள்ளங்கையைக் காட்டி அவளை நிறுத்தினார். அவள் சொன்னதையே மறுபடியும் மெதுவாகக் காட்டினாள்.

அப்போதுதான் பிடிபட்டது. நாங்கள் பார்த்ததெல்லாம் டவுன்லோட். பரீனாவின் கை கட்டாருக்குப் போவது அப்லோடில்.

அந்த டவரில் இரண்டு சனல்கள், அதாவது இரண்டு அலைவரிசைகள். ஒடுக்கமானது தூரம் போகும். அகலமானது கிட்டத்தில்தான் எடுபடும். கேரியர் அக்ரிகேஷன் என்ற முறை இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதால் டவுன்லோட் வேகமாக வரும். ஆனால் அங்கே அப்லோட் முதன்மைச் சனலில் மட்டுமே போனது. நாங்கள் முதன்மையாக வைத்திருந்ததோ ஒடுக்கமானதை. தூரத்து வயல்வெளிப் போன்களும் அதில்தான் நெருக்கிக்கொண்டு நின்றன.

மனேஜருக்கு அழைத்து, டவருக்குக் கிட்ட உள்ள போன்களுக்கு அகலமான சனலை முதன்மையாக்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் முணுமுணுத்தார். “சரி, ஒரு கிழமை போட்டுப் பார்ப்பம்” என்றார். கொழும்பு அலுவலகத்தில் இருந்தவர்கள் செட்டிங்கை மாற்றிவிட்டார்கள்.

பின்னேரம் சனம் போனைக் கையில் எடுக்கும் நேரம் வரை அங்கேயே இருந்தேன். கதீஜா உம்மா தேத்தண்ணி தந்தார். பரீனா நியாசைத் திரும்ப அழைத்தாள். பழக்கதோஷத்தில் மெதுவாகத்தான் தொடங்கினாள். நியாஸ் நிறுத்தவில்லை. அவள் கைகள் வேகம் பிடித்தன. புருவம் ஏறியது. விரல் திரையை நோக்கி ஆடியது.

“என்ன சொல்றா உம்மா?”

“ஏசுறா. பெருநாளைக்கு இன்னும் லீவு கேக்கல்லயாம் அவரு.” கதீஜா உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவரு கட்டாருக்குப் போன நாள்ல இருந்து ஒழுங்கா ஒரு சண்டை பிடிக்க ஏலாம இருந்தாங்க புள்ள, ரெண்டு பேரும்.”

திரையில் நியாசும் இரண்டு கையாலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் பொறுக்கவில்லை.

இப்போதெல்லாம் முறைப்பாட்டு வீடுகளில் டெஸ்ட் போனை வெளியே எடுக்குமுன் ஒன்று கேட்கிறேன்: “இந்தப் போன்ல நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?” எதை அளப்பது என்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது.