சந்தை மூடியிருந்த சனிக்கிழமை

என் தம்பி புரோஹர் இறந்துபோய்ப் பல வருஷம் கழித்து அவன் பெண்டாட்டி ரிம்மா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டாள். பெண் பக்கத்துச் சாட்சியாக நின்றது நான்தான். நாத்தனாரே முன்னால் நின்று கட்டிவைக்கிறாளே என்று எங்கள் ரஸ்தோவ் நகரத்தில் நாலு பேர் பேசினார்கள். பேசட்டும். என் தம்பியோடு அவள் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

மாப்பிள்ளை பெயர் விலென் பத்தாபவிச். புரட்சித் தலைவரின் பெயரைச் சுருக்கி அவர் அப்பா ஆசையாக வைத்த பெயர். அந்தப் பிள்ளை கிழவனாகிப் பங்குச் சந்தையில் ஆடுவதைப் பார்க்க அப்பா இருந்திருந்தால் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றியிருப்பார். விலென் லிஃப்ட் மெக்கானிக். மேலே போவதும் கீழே வருவதும் எனக்குப் புதுசா என்று சொல்லித்தான் இந்த விளையாட்டில் இறங்கினார். ஓய்வு பெற்ற பிறகு போனில் தரகர் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, உரக் கம்பெனியில் கொஞ்சம், வங்கியில் கொஞ்சம் என்று பங்கு வாங்க ஆரம்பித்தார். டீ ஆறிப்போகும், மனுஷர் போனை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

ரிம்மாவுக்கு இந்தப் பங்கு என்ற சொல்லே ஆகாது. ஆகாமல் போனதற்குக் காரணம் எங்கள் வம்சம்தான். பழைய நாடு கலைந்து புது நாடு வந்தபோது ஆளுக்கொரு பங்குச் சீட்டு கொடுத்தார்கள். பெரியப்பா மகன் அதைக் கொண்டுபோய் ஒரு தொழிற்சாலையில் போட்டான், தொழிற்சாலையே காணாமல் போனது. என் தம்பி புரோஹர் டிவியில் விளம்பரம் செய்த கம்பெனியை நம்பி ரிம்மாவின் கம்பளிக் கோட்டை விற்றான், எங்கள் அம்மாவின் தையல் மெஷினை விற்றான், வண்ண வண்ணமாய் அச்சடித்த காகிதங்களைக் கொண்டுவந்தான். அந்தக் காகிதங்களை ரிம்மா வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க நடுவே திணித்து வைத்தாள். அந்த வேலையை அவை நன்றாகவே செய்தன. எங்கள் வம்சத்தில் லாபம் பார்த்தது தரஸ் சித்தப்பா ஒருத்தர்தான். அவர் தன் சீட்டை அன்றைக்கே இரண்டு வோட்கா பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டார்.

அதனால் விலென் பெண் கேட்டு வந்தபோது ரிம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "ஒரு முதலீட்டாளரைப் புதைச்சாச்சு. ரெண்டாவது ஒருத்தரை என்னால தாங்க முடியாது. அத்தனையும் வித்துட்டு வா, கட்டிக்கிறேன்."

விலென் ஒப்புக்கொண்டார். கல்யாணம் சனிக்கிழமை, வெள்ளிக்கிழமைக்குள் விற்றுவிட வேண்டும் என்று பேச்சு.

ஆனாலும் அதற்கு முந்தைய வாரமெல்லாம் அவர் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து தன் நியாயத்தைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் பீரங்கியும் குண்டுமாக 'அது' நடந்துகொண்டிருக்கிறது. அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் எல்லோரும் 'அது' என்றுதான் சொல்வோம். 'அது' நடக்கும்போது பங்கு விலை எப்படி ஏறுகிறது என்று நான் கேட்டேன்.

"வெளிநாட்டுக்காரன் ஓடிட்டான் அக்கா. நம்மாளு பணத்தை வெளியே கொண்டுபோக வழியில்லை. நீராவிக் குளியலறைக் கதவை வெளியே பூட்டிட்டா உள்ளே சூடு ஏறத்தானே செய்யும்?"

"கதவை எவனாவது எட்டி உதைச்சா?" என்றாள் ரிம்மா, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. நம் ஊரில் செய்தி வாசிக்கிறவன் பொய் சொல்வான், மந்திரி பொய் சொல்வான், பயத்தில் பக்கத்து வீட்டுக்காரனும் பொய் சொல்வான். பொய் சொல்லாதது விலை ஒன்றுதான், மேலே ஏதாவது ஆடினால் விலைதான் முதலில் நடுங்கும், அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றார். சனி ஞாயிறு சந்தை மூடியிருக்குமே என்று ரிம்மா கேட்டதற்கு மட்டும் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

அவரிடம் இன்னொரு விதியும் உண்டு. எங்கள் வயசுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் மேலே பெரிய தலை ஒன்று சாய்ந்தால் டிவியில் செய்தி சொல்லமாட்டார்கள். வெள்ளைப் பாவாடை கட்டிய பெண்கள் நுனிக்காலில் நின்று ஆடுகிற பாலே நடனத்தைப் போட்டுவிடுவார்கள். நாள் முழுக்க ஆட்டம்தான். தலைநகரத்தில் பீரங்கி வண்டிகள் வந்து நின்ற அந்த ஆகஸ்ட் மாசமும் அதே ஆட்டம். அதனால் டிவியில் பாலே வந்தால் யார் போனது என்றுதான் எல்லோரும் கேட்போம். விலென் அதை முதலீட்டு விதியாகவே வைத்திருந்தார். வெள்ளைப் பாவாடை ஆடினால் கண்ணை மூடிக்கொண்டு விற்றுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்து, எல்லாம் விற்றாகிவிட்டது என்றார். ரிம்மா கல்யாணத்துக்கு எடுத்த நீலக் கவுனை இஸ்திரி போட்டாள்.

சனிக்கிழமை காலையில் எழுந்தால் ஊர் நடுவில் பீரங்கி வண்டிகள்.

எங்கள் ஊரிலேயே. எல்லைக்கு அப்பால் சண்டை போட்டுக்கொண்டிருந்த கூலிப்படை அரசாங்கத்தோடு முறைத்துக்கொண்டு திரும்பி வந்து ராணுவத் தலைமையகத்தைச் சுற்றி நின்றிருந்தது. முகமூடி போட்ட ஆட்கள். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று டிவி சொன்னது. அதனால் ஊரே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. தூரத்தில் எங்கேயோ வெடித்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். ரிம்மா கண்ணாடி முன்னால் நின்று உதட்டுச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இந்தத் தேதியை விட்டா பதிவு ஆபீஸ்ல அப்புறம் ஆகஸ்ட்லதான் இடம். ஆகஸ்ட்ல நம்ம ஊர்ல எப்பவும் ஏதாவது நடக்கும்" என்றாள்.

கார் ஓட்ட வந்தவன் என் மூத்த அக்கா மகன் ஸகார். நாற்பது வயசு டாக்ஸி டிரைவர், கல்யாணச் சீராக ஒரு சரம் கருவாடு கொண்டுவந்திருந்தான். முக்கால் வழியில் சாலையை அடைத்துவிட்டார்கள். சரி, நடப்போம் என்றாள் ரிம்மா. ஹீல்ஸைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுச் செருப்போடு அவள் முன்னால், கேக் பெட்டியோடு நான் பின்னால், கருவாட்டு மணத்தோடு ஸகார் கடைசியில். வழியில் சர்க்கஸ் வாசலில் ஒரு பீரங்கி வண்டி நுழையப் பார்த்துக் கதவில் சிக்கிக்கொண்டு நின்றது. முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் உறுமியது. சுற்றிலும் ஒரு கூட்டம் நின்று, வலப்பக்கம் திருப்பு, இடப்பக்கம் திருப்பு என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. சர்க்கஸுக்குத்தானே வந்திருக்கு, டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க என்று யாரோ சொல்ல, முகமூடிக்காரர்களே சிரித்தார்கள்.

காகிதக் கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருத்தன் எங்களை மறித்தான். "எங்க போறீங்கம்மா?"

"கல்யாணத்துக்கு."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான். ஒதுங்கு தம்பி, நேரமாச்சு."

அவன் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு, கம்பி வேலியை ஒருபக்கமாய் இழுத்து வழிவிட்டான். ஸகாரிடம் ஒரு கருவாடு கேட்டு வாங்கிக்கொண்டான்.

பதிவு ஆபீஸில் எங்களுக்கு முன்னாலேயே விலென் வந்து உட்கார்ந்திருந்தார். கோட்டில் பூ, முகத்தில் ரத்தமே இல்லை. ஊர்க் கலவரத்துக்குப் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். போனைப் பார்க்கிறார், பைக்குள் போடுகிறார், மறுபடி எடுக்கிறார். வித்தவனுக்குப் போனில் என்ன வேலை என்று எனக்கு அப்போதே லேசாய் உறுத்தியது. வங்கி வாசல்களில் டாலர் வாங்க வரிசை நிற்கிறது, கேட்ட விலைக்கு வாங்குகிறார்கள் என்று ஸகார் சொன்னபோது மனுஷர் இருமினார். ரிம்மா மட்டும் குனிந்து ஹீல்ஸ் மாட்டிக்கொண்டே, நல்லவேளை நேத்தே வித்தே என்று அவர் முழங்காலைத் தட்டினாள்.

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். எதிர்ச் சுவரில் ஒரு டிவி. சத்தம் வைக்காமல் ஓடியது. அதில் வெள்ளைப் பாவாடைகள் வரிசையாக நுனிக்காலில் நின்று ஆடிக்கொண்டிருந்தன.

யார் போனது என்று என் வாயிலும் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. விலென் எழுந்து நின்றார். கோட்டுப் பூ கீழே விழுந்தது.

"முடிஞ்சது. மேல எல்லாம் முடிஞ்சது" என்றார். பிறகு ரிம்மாவைப் பார்த்து, "நான் விக்கலை ரிம்மா. ஒரு பங்குகூட விக்கலை. நேத்து ஏறிக்கிட்டே இருந்துச்சு, திங்கக்கிழமை இன்னும் கொஞ்சம் ஏறும்னு விட்டேன். இப்ப நான் ஒண்ணுமில்லாதவன்."

கூடத்தில் காத்திருந்த சின்ன வயசு ஜோடிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. ஒரு பெண்ணின் முகத்திரை கதவு இடுக்கில் சிக்கியது, அதை எடுக்கவும் யாரும் போகவில்லை.

தோளில் சிவப்புப் பட்டை போட்ட பதிவு அதிகாரியம்மா எட்டிப் பார்த்தாள். நல்ல பருமன், நல்ல குரல். "என்ன ஆச்சு, யாருக்கு மயக்கம்?"

ஸகார் டிவியைக் காட்டினான்.

"அதுவா. அது எப்பவும் ஓடுறதுங்க. பொண்ணுங்களுக்குப் படபடப்பு அடங்கட்டும்னு போட்டு வைக்கிறோம். பத்து வருஷமா அதே ஆட்டம்தான், நிறுத்தவும் யாருக்கும் தெரியாது."

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஸகாருக்குக் கருவாட்டுச் சரம் கைநழுவியது. விலென் மட்டும் சிரிக்கவில்லை, ரிம்மாவும் சிரிக்கவில்லை. அவள் ஒரு காலில் ஹீல்ஸும் ஒரு காலில் வீட்டுச் செருப்புமாக உட்கார்ந்திருந்தாள்.

சாதாரணமாக அவள் அவரை நீ, வா, போ என்பாள். கோபம் வந்தால் அப்பா பெயரையும் சேர்த்து 'நீங்க' என்பாள். அதைக் கேட்டாலே அவருக்கு வேர்க்கும்.

"விலென் பத்தாபவிச்," என்றாள். "நீங்க எங்கிட்ட பொய் சொன்னீங்க."

"சொன்னேன்."

"இப்ப அந்தப் பங்கெல்லாம் என்ன விலை?"

"தெரியாது. சந்தை மூடியிருக்கு. திங்கக்கிழமைதான் தெரியும். வெளியில இருக்கிறவங்க தலைநகரம் வரைக்கும் போயிட்டா சைபர். போகலைன்னா பழைய விலை. எனக்குத் தெரியாது ரிம்மா, யாருக்குமே தெரியாது."

அதிகாரியம்மா அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அது இவர்கள் பெயர். நான் ரிம்மாவின் கையைப் பிடித்து, வா, வீட்டுக்குப் போகலாம் என்றேன். என் தம்பி செய்த வேலையே போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது. விலென் குனிந்து விழுந்த பூவை எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

ரிம்மா இன்னொரு காலிலும் ஹீல்ஸை மாட்டினாள். எழுந்தாள்.

"புரோஹரை நான் கட்டினப்ப அவர் கையில என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அத்தனையும் போனப்பவும் எல்லாருக்கும் தெரியும். இந்த மனுஷனுக்கு இன்னிக்கு என்ன விலைன்னு அவருக்கே தெரியாது. திங்கக்கிழமை கட்டினா, ஏறுச்சுன்னா பணத்துக்குக் கட்டினேம்பாங்க, இறங்குச்சுன்னா பரிதாபத்துக்குக் கட்டினேம்பாங்க. கட்டிக்கிறதுன்னா இன்னிக்குத்தான் அண்ணி." அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள். "வா. ஆனா திங்கக்கிழமை சந்தை திறந்ததும் வித்துடணும், என்ன விலைக்கு இருந்தாலும் சரி. நான் பக்கத்துல நிப்பேன்."

'வா' என்று வந்துவிட்டது. விலென் அழுதார் என்று நான் சொன்னால் இன்றைக்கும் மறுக்கிறார்.

கையெழுத்துப் போட்டோம். அதிகாரியம்மா, நாட்டின் இந்த முக்கியமான நாளில் என்று பேச்சைத் தொடங்கியவள், எந்த நாட்டின் எந்த முக்கியம் என்று தனக்கே சந்தேகம் வந்ததுபோல நிறுத்தி, நல்லா இருங்க என்று முடித்தாள். நான் கேட்ட அரசாங்கப் பேச்சுகளிலேயே சின்னது, நல்லதும் அதுதான்.

திரும்பி வரும்போது சர்க்கஸ் வாசலில் வண்டி இன்னமும் சிக்கித்தான் இருந்தது. கருவாடு வாங்கினவன் எங்களை அடையாளம் கண்டு, முடிஞ்சுதா என்று கேட்டான். முடிஞ்சது என்று ரிம்மா மோதிரத்தைக் காட்டினாள். உடனே அவன் காப்பிக் கோப்பையைத் தூக்கி, "கசக்குது!" என்று கத்தினான். எங்கள் கல்யாணப் பந்தியில் அப்படிக் கத்தினால் ஜோடி முத்தம் கொடுத்தே ஆகவேண்டும், கொடுத்தால்தான் மது இனிக்கும். பந்தியும் இல்லை, மதுவும் இல்லை. ஆனாலும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் முழுக்க, கசக்குது, கசக்குது என்று பிடித்துக்கொண்டது. விலென் சுற்றும் முற்றும் பார்த்தார். ரிம்மா அவர் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். கூட்டம் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தது. ஸகார் கேக்கை அங்கேயே திறந்து அறுத்துவிட்டான். எனக்கு ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

இருட்டுவதற்குள் ஏதோ பேசி முடித்துவிட்டார்களாம், கூலிப்படை மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டது. சனங்கள் கைதட்டினார்கள். வந்ததற்கா போனதற்கா என்று கேட்டால் பத்துப் பேரும் பத்து விதமாய்ச் சொல்வார்கள். சத்தமாக ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

திங்கட்கிழமை விலென் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். பார்க்காமல் எப்படி இருப்பது? சந்தை திறந்ததும் விலை சர்ரென்று இறங்கியது. விலென் ரிம்மாவைப் பார்த்தார். அடுப்பில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியோடு வந்து பின்னால் நின்றாள். அவர் விற்றார். கடைசிப் பங்கு வரை விற்றார். நாங்கள் அப்பம் தின்று முடிப்பதற்குள் விலை பழையபடி ஏறிவிட்டது.

விலென் போனைக் கவிழ்த்து வைத்தார், தட்டைப் பார்த்தார், ரிம்மாவைப் பார்த்தார், திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து மேஜையைத் தட்டினார். ஏன் சிரிக்கிறே என்று ரிம்மா கேட்டாள்.

"நாடு ஆடினப்ப ஒண்ணும் போகலை. நான் வித்ததாலதான் போச்சு" என்றார்.

"என்ன போச்சு?" என்று கேட்டுக்கொண்டே ரிம்மா அவர் தட்டில் இன்னொரு அப்பத்தைப் போட்டு, மேலே புளிப்புப் பாலாடையை ஊற்றினாள். இந்தத் தடவை டீ ஆறுவதற்கு முன்னாலேயே குடித்துவிட்டார்.