கப்பலில் படம் பார்க்காதவர்

அந்தமானில் திக்லிபூர் போகும் கப்பலில் டிவியில் ஒரு யுத்தப் படம் ஓடியது. தோட்டக் கூலிகளாக இருந்து போருக்குப் போய், பிறகு எல்லோரும் மறந்துவிட்ட ஒரு தமிழ்ப் பட்டாளத்தின் கதை. ஒருவர் மட்டும் டிவிக்கு முதுகு காட்டி நின்று, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, பொத்தான் கழுத்துவரை பூட்டிய சட்டை. போலீஸா, திருடனா? என் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

படத்தில் துப்பாக்கி வெடித்தது. அவர் நேரே என்னிடம் வந்தார்.

“இப்ப செத்தது யாருன்னு பாத்தியா தம்பி?”

“இல்லையே. ஏன்?”

“நாந்தான். ஹேவ்லாக் தீவுல ஷூட்டிங் நடந்தப்ப நடிச்சேன். யாருக்காச்சும் என்னைத் தெரியுதான்னு பாக்குறேன். ஒருத்தருக்கும் மாலூம் இல்ல.”

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைத் தேடிப் போட்டேன். அந்த இடத்தில் ஒரு சிப்பாய் குண்டடிபட்டு மணலில் குப்புற விழுகிறான். முகமே தெரியவில்லை, முதுகு மட்டும்தான் தெரிகிறது. முகம் தெரியாதவனை யார் அடையாளம் காண்பது? புளுகியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். கப்பலில் அவர் முகத்தையே அவ்வளவு நேரம் கண்காணித்தவன், முதுகைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.