லோரெவி பரிந்துரைத்த சீட்டு

என் தங்கை லோரெவி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் ஊரான துமாங்காஸின் உயர்நிலைப் பள்ளியில் கட்டுரைக்கு முதல் பரிசு. அந்த வருடம் முழுக்க விடிகாலையில் மீன்பண்ணையில் பால்கெண்டை வாரிவிட்டு ஈரப் பாவாடையோடு வகுப்புக்குப் போனாள். அப்பா இறந்த வருடம் கல்லூரி உதவித்தொகை. ஒன்றரை வருடத்தில் படிப்பு நின்றது, ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கான கதைப் போட்டியில் இரண்டாம் பரிசு, 2015. இஸ்திரிப் பலகையில் வைத்து எழுதிய கதை அது. அம்மாவுக்கு ஒரு கல் வீடு. பிறகு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாசகிகள்.

மாதக் கடைசி ஞாயிறு, விடுமுறை நாளில், பூங்காவில் உட்கார்ந்து ஃபேஸ்புக்கில் எழுதுவாள். அந்த மாதம் படித்த புத்தகங்கள், பணம் சேர்க்க ஒரு யோசனை, மனதில் பட்டது கொஞ்சம். பெயர் போடமாட்டாள். வேலைக்காரி ஊருக்குச் சேதி சொல்வதை எந்த முதலாளியம்மா விரும்புவாள்? ‘ஞாயிறு வாசகி’ என்று மட்டும் இருக்கும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஒவ்வொன்றையும் தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

2019 பிப்ரவரியில் அவள் எழுதிய யோசனை ஒரு சீட்டு. எங்கள் தெருக்காரி கிளாரிபெல் சிங்கப்பூரில் நடத்தியது. லோரெவி அதற்கு முன்பே நாலு வருடம் கட்டியிருந்தாள், ஒரு முறையும் பணம் தவறவில்லை. கிளாரிபெல்லின் மகனை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தாய் லோரெவி. அப்படிப்பட்ட உறவில் ரசீது கேட்பது முகத்தில் துப்புகிற மாதிரி. அதனால் அவள் கேட்டதில்லை. “கேட்கத் தேவையில்லை” என்று எழுதவும் செய்தாள்.

பதினாலு வாசகிகள் சேர்ந்தார்கள். ஆளுக்கு மாதம் முந்நூறு சிங்கப்பூர் வெள்ளி. ஆகஸ்டில் கிளாரிபெல்லின் கைபேசி அணைந்தது. ஆளும் சிங்கப்பூரில் இல்லை.

பதினாலு பேரில் ஒருத்தி காபிஸ் மாகாணத்துக்காரி சுசானா. அம்மாவின் இதய அறுவை சிகிச்சைக்கு வைத்திருந்த பணத்தைக் கட்டியவள். அக்டோபர் ஒன்பதாம் தேதி அந்த அம்மா இறந்துபோனார். சுசானா ‘ஞாயிறு வாசகி’ பக்கத்துக்கு இரண்டே வரி அனுப்பினாள்: “நீங்க யாருன்னு தெரியல. நீங்க சொன்னீங்கன்னுதான் சேர்ந்தேன்.”

போலீசில் புகார் கொடுக்க ஒருத்தியும் முன்வரவில்லை. யாராவது முதலில் பெயர் கொடுக்கட்டும், பின்னால் வருகிறோம் என்றார்கள் எல்லோரும். லோரெவி என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, நான் பக்கத்துல என் பேரைப் போட்டுட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போகப்போறேன்.”

“பைத்தியமாடி உனக்கு? ஜனவரியில ஒப்பந்தம் முடியுது. உன் முதலாளியம்மா பார்த்தா அதைப் புதுப்பிப்பாளா? உன் பணமும்தானே போச்சு. நீ என்ன திருடினியா?”

“திருடலை. அவங்களைக் கூட்டிட்டுப் போய் அவகிட்ட விட்டேன்.”

“சும்மா இரு. ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துடும்.”

“பேர் இல்லாததால அந்தப் பொண்ணால என்னைத் திட்டக்கூட முடியல அக்கா. யாரைத் திட்டுவா? ஞாயித்துக்கிழமையையா?”

எப்போதும் அவள்தான் முதலில் போனை வைப்பாள். அன்று நான் வைத்தேன்.

சேதி எப்படியோ கசிந்து, மறுநாளே கிளாரிபெல்லின் அம்மா புரிஃபிகாசியோன் எங்கள் வாசலுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எர்லிண்டா, ஞானப்பிள்ளையோட அம்மாவையே ஜெயிலுக்கு அனுப்புவாளா உன் தங்கச்சி? படிச்ச திமிரா?”

“உங்க பொண்ணு எங்க இருக்கான்னு சொல்லுங்க, பெரியம்மா. லோரெவி ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை.”

“அது எனக்கெப்படித் தெரியும்?”

“அப்போ போகட்டும்.”

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று நானே நினைக்கவில்லை.

லோரெவி போனாள். அவளைப் பார்த்துப் பதினோரு பேர் போனார்கள். ஐந்து மாதம் கழித்து கிளாரிபெல் மணிலாவில் பிடிபட்டாள். பணம் ஒரு காசும் மிஞ்சவில்லை. முதலாளியம்மா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. சுசானா அதற்குப் பிறகு எழுதவே இல்லை. தங்கை இப்போது ஊர்ச் சந்தையில் மீன் எடை போடுகிறாள். ஞானப்பிள்ளை அவளைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறான். மாதக் கடைசியில் இப்போதும் எழுதுகிறாள், படிக்கிறவர்கள் நானூறு பேர் இருந்தால் அதிகம்.

ஸ்டேஷனுக்குப் போன அன்று காலை அவள் எழுதியது என் நோட்டில் இருக்கிறது. மற்றவற்றைவிடச் சின்னது:

“இந்த மாதம் புத்தகம் எதுவும் படிக்கவில்லை. பண யோசனை: பிப்ரவரியில் நான் சொன்னது தவறு. உறவாக இருந்தாலும் ரசீது கேளுங்கள். மனதில் பட்டது: சுசானாவின் அம்மா பெயர் ஃபெலிசிதாஸ். வயது ஐம்பத்தெட்டு.

லோரெவி பலாகாஸ், துமாங்காஸ்.
ஞாயிறு, 2019 அக்டோபர் 27.”