ஆளில்லாத கோல்

பாரிஸ் புறநகரான பொண்டியின் மைதானத்தில் நடந்த ஓர் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியைப் பற்றி நானும் என் நண்பனும் வருடக்கணக்காக வாதாடினோம். எங்கள் தமிழ்க் கழகம் ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் நின்றது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்களுக்கு ஒரு கோர்னர் அடி கிடைத்தது. பயிற்சியாளர் கோல் காப்பாளரையும் முன்னே ஓடச் சொன்னார். பந்து எதிரணியிடம் போய், ஆளில்லாத எங்கள் கோலுக்குள் உருண்டது. கிண்ணம் கைவிட்டுப் போனது.

அதன்பிறகு பாரிஸின் லா சப்பலில் மதியம் வேலை செய்யும் கடையை விட்டு வெளியே வந்தால், தேநீர்க்கடையில் எங்களுக்கு இதே பேச்சுத்தான்.

"பெனால்டிக்கு விட்டிருந்தா வெண்டிருப்பம்," என்பேன்.

"எங்கட பெடியள் பெனால்டி அடிச்ச வடிவை நீங்கள் பாக்கேல்லையோ அண்ணை? அந்தாள் செய்ததுதான் சரி," என்று அவன் மேசையில் தட்டுவான். பக்கத்து மேசைக்காரரும் ஏதோ ஒரு பக்கம் சேர்ந்துகொள்வார்கள்.

போன வருடம் அவன் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டான். தொலைபேசியில் பனியையும் வேலையையும் பற்றியே பேசினான். எனக்கு அந்தப் பழைய குரல் வேண்டியிருந்தது. போன ஞாயிறு வேண்டுமென்றே அந்தப் பேச்சை எடுத்தேன்.

"இப்பவும் சொல்லுறன், அந்தக் கோச் செய்தது பிழை."

"ஓம் அண்ணை. யோசிச்சுப் பாத்தா நீங்கள் சொன்னதுதான் சரி."

"இல்லையடா, அவர் செய்ததிலையும் ஒரு நியாயம் இருக்கு," என்று அவன் பக்கத்தை நானே பேசத் தொடங்கினேன்.

அவன் சிரித்தான். "வேலைக்கு வெளிக்கிடோணும் அண்ணை, பிறகு எடுக்கிறன்," என்றான்.