நடுக்கோட்டைத் தொட்ட விரல்

விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்துப் பிழைக்கிறவள் நான். எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இல்லை. கூப்பிடுகிறவர்களுக்காகப் போவேன். யாரும் கூப்பிடாத வாரங்களில், பார்க்க வேண்டும் என்று தோன்றுகிற ஆட்டத்தைத் தேடி நானே போவேன். தாராவியிலிருந்து கொஞ்சம் தள்ளி, செம்பூரில் வீடு இருக்கிறது. ஆனால் கேமரா பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு வெளியூர் போகும் சிவப்பு அரசு பஸ்களில் உட்கார்ந்தபடி தூங்கிய தூக்கம்தான் என் வாழ்க்கையில் அதிகம்.

எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் வாசலில் ஒரே வரவேற்புதான். "பேமிலி உட்கார்ற இடம் அந்தப் பக்கம், தாயி" என்பான் காவல்காரன். மராட்டியில் தாயி என்றால் அக்கா. கழுத்தில் இரண்டு கேமரா தொங்கும். அதில் ஒன்றின் லென்ஸ் என் முன்கை நீளம். அதைப் பார்த்த பிறகும் அதையே சொல்வான். அந்தக் கோபமெல்லாம் எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. ஆறாத ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தாராவியில் ஒரு பெண்கள் கபடி அணி உண்டு. நான் பிறந்து வளர்ந்த இடம் என்பதால் அவர்களை ஆரம்பத்திலிருந்தே தெரியும். மாநகராட்சிப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருக்கிற ஒரு மராட்டியப் பெண்தான் பயிற்சியாளர். அணியில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களின் பெண்கள். அவர்களில் மிகச் சிறந்த ஆட்டக்காரி அப்போது ஒரு மாலில் வேலை பார்த்தாள். உள்ளே வரும் பெண்களைத் திரைக்குப் பின்னால் தடவிச் சோதித்து அனுப்புவாளே, அந்த வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு நேராகப் பயிற்சிக்கு வருவாள். பாடிப் போனால் எதிரணியின் பிடியிலிருந்து மீன் மாதிரி வழுக்கி வெளியே வருவாள். வேகத்தைவிட அவளுடைய கைதான் எனக்குப் பிடிக்கும். கீழே விழுந்த பிறகும் அந்தக் கை தேடிக்கொண்டே இருக்கும்.

சர்க்கரை ஆலை உள்ள ஒரு சின்ன ஊரில் பெரிய போட்டி நடந்தது. அதில் ஜெயிக்கிற பெண்கள் அணியிலிருந்து மாநிலப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். முகாமுக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசாங்க வேலைக்கு வழி பிறக்கும். அவள் வயதுக்கு அது இனி அடிக்கடி வரக்கூடிய வாய்ப்பு இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனாலும் நானும் அவர்களோடு பஸ் ஏறினேன்.

இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் பெண்கள் ஆட்டம் என்றுதான் முதலில் அறிவித்திருந்தார்கள். காலையில் அதை மாற்றினார்கள். பெண்கள் உச்சி வெயிலில் ஆடுவார்களாம். அதுவும் கபடிக்கு விரிக்கிற ரப்பர் மேட்டில் இல்லை, கட்டாந்தரையில். மேட் அங்கேயேதான் இருந்தது. ஓரமாகச் சுருட்டி வைத்து, மேலே தார்ப்பாய் போட்டு, பக்கத்தில் ஒருவனைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். பயிற்சியாளர் போய்ப் போட்டிச் செயலாளரிடம் கேட்டார். வெள்ளைச் சட்டையும் கூலிங்கிளாஸுமாக நின்ற அந்த மனிதர் மராட்டியில் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"சாயங்காலம் லைவ் போடறாங்க, மேடம். அதுக்குள்ள மேட் அழுக்காயிடக் கூடாது."

பெண்கள் கால் வைத்தால் மேட் அழுக்காகிவிடும். இதை அவர் வெட்கமில்லாமல், ஏதோ சமையலறைக் காரியம் சொல்வது போலச் சொன்னார். பயிற்சியாளர் திரும்பி வந்து, பெண்களின் முழங்காலில் துணி கட்ட ஆரம்பித்தார்.

ஆட்டத்தின் கடைசி நிமிடம். நம் அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. அவள் பாடப் போனாள். நான் எல்லைக்கு வெளியே, சுண்ணாம்பில் போட்ட நடுக்கோட்டுக்கு நேரே குப்புறப் படுத்திருந்தேன். ஒருத்தி அவள் கணுக்காலைப் பிடித்தாள். அடுத்தவள் இடுப்பைக் கட்டினாள். இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். நான்கு பேரையும் முதுகில் சுமந்துகொண்டு, "கபடி கபடி" என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே, அவள் தரையில் தவழ்ந்து வந்தாள். வலது கையை நீட்டினாள். விரல்கள் சுண்ணாம்புக் கோட்டில் அழுந்தின. நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. பிடித்தவர்களோடு கோட்டைத் தொட்டால் நான்கு புள்ளி. ஆட்டம் முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தெரியும்.

நடுவர் விசிலடித்து, அவளை அவுட் என்று காட்டினார்.

"தொட்டேன்! தொட்டேன் சார்!" என்று அவள் இந்தியில் கத்திக்கொண்டு எழுந்தாள். வலது கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான்கு விரல் நுனியிலும் சுண்ணாம்பு.

"கிரவுண்டு பூரா சுண்ணாம்புதான் கிடக்குது. போ, போ" என்றார் அவர்.

நான் என் வேலையின் எல்லையை மீறியது அப்போதுதான். படமெடுக்கிறவர்கள் ஆட்டத்துக்குள் நுழையக் கூடாது. அது எனக்குத் தெரியும், அந்த விதியை மதிக்கிறவள்தான் நான். இருந்தும் எழுந்து போய், கேமராவின் திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, செயலாளர் கையில் கொடுத்தேன். விரல் கோட்டின் மேல் இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவர் பார்த்தார். நடுவரையும் கூப்பிட்டுக் காட்டினார். நடுவர் ஒரு கணம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தொட்டிருக்கலாம். ஆனா அதுக்கு முன்னாலயே மூச்சு விட்டுட்டா."

"இப்பதானே தொடவே இல்லைன்னு சொன்னீங்க?"

"மூச்சு விட்டுட்டா, தாயி. உங்க படத்துல சத்தம் கேக்குதா?"

கேட்கவில்லைதான். ஆனால் எனக்குக் கேட்டது. அவளுடைய முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில் படுத்திருந்தேன். தொட்ட பிறகும் பாடிக்கொண்டுதான் இருந்தாள். அதைச் சொன்னேன். செயலாளர் என் கேமராவை மிகுந்த மரியாதையோடு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க போட்டோ எடுங்க. பாயிண்ட் நாங்க கொடுக்கிறோம். இன்னைக்கு உங்க படத்தைப் பாத்தா, நாளைக்கு ஆளாளுக்கு மொபைலைத் தூக்கிட்டு வருவான்."

அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். களத்தில் நடுவர் சொல்வதுதான் சட்டம். விளையாட்டு அப்படித்தான் நடக்க முடியும். பெண்கள் மர நிழலில் உட்கார்ந்து, முழங்காலில் ஒட்டிக்கொண்ட துணியைத் தண்ணீர் விட்டு நனைத்துப் பிரித்தார்கள். தோலும் சேர்ந்து வந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் அதையும் படமெடுத்தேன்.

சாயங்காலம் தார்ப்பாயை விலக்கி மேட்டை விரித்தார்கள். ஆண்கள் இறுதிப் போட்டி. மாலையும் பட்டாசும் முடிந்து ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில், ஒரு ஆட்டக்காரன் நடுக்கோட்டைத் தொட்டானா இல்லையா என்று தகராறு வந்தது. மத்தியானம் நடந்ததேதான். அதே நடுவர். அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நேரலை செய்யும் பையன்களின் மேசைக்குப் போனார். செயலாளரும் ஓடி வந்தார். நான்கைந்து தலைகள் அந்தச் சின்னத் திரையைச் சுற்றிக் குனிந்தன. திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றேன். அந்தத் திரையில் சத்தமே வைத்திருக்கவில்லை. நடுவர் மைதானத்துக்குத் திரும்பிப் போய், கொடுத்த தீர்ப்பை மாற்றினார். கூட்டம் கை தட்டியது.

"மத்தியானம் அந்தப் பொண்ணுக்கு மட்டும் சத்தம் வேணும்னீங்களே?" என்று செயலாளரின் முதுகைப் பார்த்துக் கேட்டேன். அவர் திரும்பினார். யார் என்று அடையாளம் கண்டுகொள்ளவே அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. "ஆட்டம் நடக்குது, தாயி, தள்ளி நில்லுங்க" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதில்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆண்கள் ஆட்டத்தில் நடந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

"விடுங்கக்கா. என்னைவிட நீங்கதான் ஜாஸ்தி கோவப்படுதிய."

"உனக்குக் கோவம் வரலையா?"

"வருதுதான். வந்து என்ன செய்ய? நாளைக்குக் காலையில டூட்டி இருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன்.

முகாமுக்கு எதிரணியிலிருந்து ஆள் எடுத்தார்கள். அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் அதே தரையில்தான் முழங்காலைத் தேய்த்தார்கள்.

மறு வருடப் போட்டிக்கு முன்பு, ஒரு நாள் வாஷி ரயிலில் போய்க்கொண்டிருக்கும்போது போனில் ஒரு படம் வந்தது. அவள்தான் அனுப்பியிருந்தாள். கீழே, "அக்கா, நான் ஃபேமஸ் ஆயிட்டேன்" என்று ஒரு வரி. போட்டி நடத்துகிறவர்கள் அடித்த பேனர். மேலே தலைவர்களின் முகங்கள் வரிசையாக. நடுவில் பெண்சக்தியைப் போற்றி மராட்டியில் பெரிய எழுத்து. அதன் கீழே, நான்கு பேரைச் சுமந்துகொண்டு கையை நீட்டியபடி, அவள். நான் எடுத்த படம். போன வருடம் இணையத்தில் என் பக்கத்தில் போட்டிருந்ததை எடுத்து, ஓரத்தில் இருந்த என் பெயரை அழித்திருந்தார்கள். அவள் பெயரும் இல்லை. ஆனால் விரலை அழிக்கவில்லை. வெள்ளைக் கோட்டின் மேல் விரல் அப்படியே இருந்தது. பேனர் அளவுக்குப் பெரிதாக்கியதில், கேமராத் திரையில் தெரிந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

ரயிலிலிருந்து இறங்கி, பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே செயலாளருக்குப் போன் செய்தேன்.

"பிரமாதமான படம், தாயி! எல்லாரும் புகழ்றாங்க."

"அந்தப் பொண்ணோட வலது கையைப் பாருங்க."

"கைக்கு என்ன?"

"கோட்டுல இருக்கு. நீங்க அவளை அவுட்டுன்னு சொன்னீங்க."

"அது போன வருஷம்" என்றார்.

அவர் தெரிந்தே செய்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்து, பெயரை அழித்து, அச்சுக்கு அனுப்பி, ஊரெல்லாம் கட்டிய யாருமே அந்த விரலைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய பொருள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பேனருக்கு ஒரு பெண்ணின் வேதனை வேண்டியிருந்தது. அவள் ஜெயித்தாளா தோற்றாளா என்பது வேண்டியிருக்கவில்லை.

அன்றே எல்லாவற்றையும் பொதுவில் எழுதிப் போட்டுவிட நினைத்தேன். ஆனால் படத்தில் இருப்பவள் அவள். செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே, அவள் டூட்டி முடிந்து வரும்போது பார்த்தேன். இரண்டு பேரும் டீக்கடை ஓரமாக நின்று பேசினோம்.

"நீங்க போட்டா, அப்புறம் என்னை எங்கயும் எடுக்க மாட்டானுவ. பேரு கெட்டுப் போவும்" என்றாள்.

"அப்ப வேண்டாம். போடல."

உண்மையாகவே விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, போடுங்க. போடாட்டி மட்டும் எடுத்துருவானுவளா? ஆனா ஒண்ணு. மரத்தடியில முட்டியைக் கழுவினோம்லா, அந்தப் படத்தையும் சேத்துப் போடுங்க. எல்லா புள்ளையலும் சரின்னுட்டாளுவ. மேட் சும்மா சுருட்டிக் கிடந்துதுன்னும் எழுதுங்க."

பேனரைப் போட்டேன். பக்கத்தில் அசல் படம். பிறகு வரிசையாக முழங்கால்கள். நடந்ததை அலங்காரமில்லாமல் மராட்டியிலும் தமிழிலும் எழுதினேன். தமிழில் எழுதியதைத் தன் அம்மாவுக்காகச் சத்தமாகப் படித்துக் காட்டி ஒரு குரல் செய்தி அனுப்பச் சொன்னாள் அவள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, மகளுக்குத் தமிழ் எழுத்து வராது. ஒரு மராட்டிப் பத்திரிகை அதை எடுத்து வெளியிட்டது. பழைய ஆட்டக்காரிகள் பலர் தங்கள் முழங்கால் தழும்புகளைப் படமெடுத்து அனுப்பினார்கள்.

பேனர்கள் இறங்கின. அந்த வருடம் பெண்கள் இறுதிப் போட்டியைச் சாயங்காலம் மேட்டில் நடத்தினார்கள். எனக்கு அனுமதி அட்டை தரவில்லை. "லிஸ்ட்ல உங்க பேர் இல்லை" என்று வாசலில் சொன்னார்கள். கூட்டத்தோடு உள்ளே போய், கயிற்றுக்கு வெளியே நின்று, ஆட்களின் தலைகளுக்கு இடையில் படமெடுத்தேன். தாராவி அணி அரையிறுதியில் தோற்றது. நன்றாக ஆடியவர்களிடம் தோற்றார்கள். அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. முகாமுக்கு அவளை அந்த வருடமும் கூப்பிடவில்லை. அதன் காரணத்தை யாரும் வாயால் சொல்லவும் இல்லை.

மேட் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். மேட் அவர்களுடைய தயவு இல்லை. அது முதல் நாளிலிருந்தே அங்கே சுருட்டிக் கிடந்தது. நான் கேட்பது வேறு. அன்று அவள் அவுட் இல்லை என்று, நடுவர், செயலாளர் அந்த இரண்டு பேரில் ஒருவர் சொல்ல வேண்டும். புள்ளி வேண்டாம், கோப்பை வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் போதும். இன்றுவரை சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த ஊருக்கு பஸ் ஏறுகிறேன். வாசலில் நிறுத்துகிறார்கள். கூட்டத்தோடு உள்ளே போகிறேன். செயலாளர் கயிற்றோரமாக நடந்து வரும்போது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி அதையே கேட்கிறேன்.