பவுடர் போட்டு மறைத்தது

இந்த டொராண்டோவில் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தால் அது மார்க்கைப் பற்றியதாக இருக்காது. "உங்கள் மகள் சந்தோஷமாக இருக்கிறாளா?" என்று கேட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சந்தோஷத்துக்குக்கூடப் பரீட்சை வைக்கிற ஊர். கூடவே வழவழப்பான தாளில் ஒரு நோட்டீஸ்: வளர்கிற பிள்ளைகளின் மனச்சோர்வுக்கு என்னென்ன காரணம் என்று. ஓயாத ஒப்பீடு, ஊர் மாறுதல், தூக்கமில்லாமை, மனம்விட்டுப் பேச ஆளில்லாமை. வேலையற்றவர்கள் என்று குப்பைக்கூடையில் போட்டேன். பதினைந்து வயது ஜெசி இரண்டு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் கிடந்தது எனக்கு வெறும் திமிராகத் தெரிந்தது.

பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்கிற பள்ளிக்கூடத்துக் கவுன்சிலரைப் பார்க்கப் போன அன்று அவளுக்குத் தலைசீவி, பவுடர் போட்டு, "அங்க வந்து மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டு இருக்காத" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். "வீட்டில் இவள் யாரிடம் மனம்விட்டுப் பேசுவாள்?" என்று கேட்டாள் அந்த வெள்ளைக்காரி. "எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள்" என்றேன் பெருமையாக. அவள் வெகுநேரம் எழுதினாள். நற்சான்றிதழ் எழுதுகிறாள் என்று நினைத்த மடச்சி நான். அடுத்து, "உங்கள் குடும்பத்தில் வேறு யாராவது இப்படி இருந்திருக்கிறார்களா?" என்றாள்.

"யாருமில்லை."

ஜெசி அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அமலி சித்தி?" என்றாள், தமிழில்.

அமலி என் கடைசித் தங்கை. எங்கள் ஊர் மானகிரியில் பிளஸ் டூ படிக்கும்போது இப்படித்தான் சுருண்டாள். நானும் சின்னப் பிள்ளையாக இருந்த ஜெசியும் அப்போது அங்கேதான் இருந்தோம். அப்பா வாத்தியார், வாத்தியார் மகள் டாக்டராகாமல் எப்படி? கண்டரமாணிக்கத்துப் பெரியப்பா மகன் வாங்கிய மார்க்கைத் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறினோம். அழுதால் கொழுப்பு என்றோம், அழாவிட்டால் அழுத்தக்காரி என்றோம். விருந்தாள் வந்தால் மட்டும் பூ வைத்து, பவுடர் போட்டு, கையில் காபித் தட்டைக் கொடுத்து அனுப்புவோம். "வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாக?" என்பார் அம்மா. ஆகா, என்ன வைத்தியம். வந்தவர்களும் காபியைக் குடித்துவிட்டு, "புள்ள நல்லாத்தான இருக்கு" என்று போய்விடுவார்கள். ஏழு வருடமாகிறது, பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அந்தப் பவுடரைப் போட்டுவிட்டது நான்தான்.

மறுநாள் காலையில் ஊருக்குப் போன் போட்டேன்.

"அவளுக்கென்ன, நல்லா இருக்கா" என்றார் அம்மா.

"நீங்க சொல்ல வேணாம். அவகிட்டக் குடுங்க."

அமலி வந்தாள். "அன்னைக்கு உனக்கு என்னடி பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் கேக்குறீகளாக்கா" என்றாள். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். ஜெசியின் சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து கேட்டேன். காதில் மானகிரி அழுதுகொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், ஜெசியும் வந்து உட்காருகிற சத்தம் கேட்டது.